மூன்றாவது குப்பி

வெஸ்ட்லி, ஒஸ்லோ
19 ஜனவரி 2025

அன்பின் ரஞ்சி,

நான் நலம். என் வலது காலின் பெருவிரல் நலமில்லை. அது உமக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதவேண்டும் என்கிறது. போனில் கதைத்தால் இரண்டு பேருக்கும் வாய் நீளுகிறது, கடிதம் எழுதுவோம் என்று சொல்லிவிட்டு நீர் துரொண்ட்ஹெய்முக்குப் போய் நான்கு மாதமாகிறது. முதல் கடிதம் எழுதுகிறவன் நான்தான் என்பதைக் கவனித்துக்கொள்ளும்.

கவுட் வாதம் திரும்பவும் வந்துவிட்டது. ஹவுகெட்டோவுக்கு மகள் வீட்டுக்குப் போனேன். மேரின் எனக்கென்று நண்டுக்குழம்பு வைத்திருந்தாள். பிள்ளை ஆசையாக வைத்ததை வேண்டாம் என்று சொல்லவா? அடுத்த நாள் விடிய விரல் கத்தரிக்காய் நிறத்தில் நின்றது. போர்வை பட்டாலும் உயிர் போகிறது. நான் ஓட்டவேண்டிய ஐந்தாம் இலக்க மெட்ரோவை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போவதை இரண்டு நாள் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தியர் தந்த வெள்ளைக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன், நீர் சொல்லாமலே.

அது சரி, சீனாக்காரரின் கவுட் மருந்தில் எந்தச் சத்து வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கப் போனீரே, என்ன நிலை? எலி தேவைப்பட்டால் சொல்லும். இங்கே ஒன்று சும்மா கிடக்கிறது.

நீர் இல்லாத வீட்டில் எனக்குச் சத்தம் போதவில்லை. வேறு என்ன எழுத?

உம்முடைய
றெஜினோல்ட்


துரொண்ட்ஹெய்ம்
16 பெப்ரவரி 2025

அன்பின் அத்தான்,

கடிதம் கிடைத்தது. நண்டுக்கு மேரினைக் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் கோப்பையில் எவ்வளவு நண்டுக்கோது கிடந்தது என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பதில் பிந்தியதற்கு வேலை மட்டும் காரணம் அல்ல. சிநேகிதி யோசெப்பினின் வீட்டுப் பிறந்தநாளில், அத்தனை சனத்துக்கு முன்னால், "வீட்டில ஒழுங்கா ரசம் வைக்கத் தெரியாதவ, சீனாக்காரனுக்குக் கசாயம் வைக்கப் போறா" என்று சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததுதான் இன்னும் நெஞ்சுக்குள் கிடந்து அறுக்கிறது. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்துவிட்டு, ஒஸ்லோவில் இருபது வருடம் மற்றவர்களின் ஆய்வுக்கூடங்களில் குவளை கழுவியவள் நான். நாற்பத்தொன்பது வயதில் எனக்கென்று ஒரு மேசை கிடைத்திருக்கிறது. அதை நீங்கள் ஒரு பகிடியாக்கிவிட்டீர்கள்.

கோபத்தை எழுதியாயிற்று. இனிச் சங்கதி. அந்த மருந்து பல சரக்குகளைச் சேர்த்து அவிப்பது. முக்கியமானது ஒரு கொடியின் வேர். பார்த்தால் எங்கள் பறங்கிப்பட்டை மாதிரி இருக்கும். கசாயத்தை ஆறாகப் பிரித்து ஆறு குப்பிகளில் வைத்தேன். யூரிக் அமிலத்தை உண்டாக்கும் ஒரு நொதி நம் உடம்பில் இருக்கிறது. ஒவ்வொரு குப்பியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அந்த நொதியோடு சேர்த்துப் பார்த்தேன். ஐந்து குப்பிகள் அதை ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது குப்பி அதை அப்படியே நிறுத்திவிட்டது! கையில் கையுறை, கண்ணைத் துடைக்கவும் ஏலாது. அழுதுகொண்டு நின்றேன். முதலில் உங்களுக்குத்தான் சொல்லவேண்டும் போல இருந்தது. அப்படி இருந்ததற்கும் எனக்குக் கோபம் வந்தது.

எலிப் பகிடி வேண்டாம். குப்பிக்குள் நடப்பது வேறு, மனிதருக்குள் நடப்பது வேறு. குளிசையை விடாதீர்கள். எனக்கு ஜூன் வரைக்கும் இங்கே வேலை. இந்தக் குப்பி நிலைத்தால் இன்னும் மூன்று வருடம் தரலாம் என்கிறார்கள். அதைப் பற்றி இப்போது கேட்கவேண்டாம்.

ரஞ்சி


வெஸ்ட்லி
9 மார்ச் 2025

அன்பின் ரஞ்சி,

உம்முடைய கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன். கோபப் பகுதியைத்தான் கூடுதலாக வாசித்தேன். நீர் சொன்னது சரி. சனம் சிரிக்கவேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீர் சிரித்தபோது உமக்கு நோகவில்லை என்று நினைத்தேன். அவ்வளவு மடையன் நான்.

இன்று தமிழ்த் திருப்பலி முடிந்து கோப்பி குடிக்கும்போது எல்லோருக்கும் மூன்றாவது குப்பியைப் பற்றிச் சொன்னேன். யோசெப்பினுக்கு இரண்டு தரம் சொன்னேன். அன்றைக்கு அவள் வீட்டில் சொன்னதையும் திருப்பி எடுத்தேன். "இப்பவெண்டாலும் உமக்கு விளங்கிச்சுதே" என்றாள். ஓமென்று தலையாட்டிக்கொண்டு கேக்கைச் சாப்பிட்டேன்.

இந்தத் தவக்காலத்துக்கு நான் ஒன்றை விட்டிருக்கிறேன். இறைச்சி அல்ல, அது எல்லோரும் விடுவது. என்னத்தை விட்டேன் என்று உயிர்ப்பு ஞாயிறன்று நேரில் சொல்வேன். நீர் வருவீர்தானே?

ஊரிலிருந்து, குருநகர் அனஸ்ரேசியா அக்கா ஒரு பார்சல் அனுப்பியிருந்தா. மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல்மா, கொஞ்சம் பறங்கிப்பட்டை. உம்முடைய சீனத்து வேரும் இதுவும் ஒன்றுதானே? சும்மா அறியக் கேட்கிறேன்.

உம்முடைய
றெஜினோல்ட்


துரொண்ட்ஹெய்ம்
2 ஏப்ரல் 2025

அன்பின் அத்தான்,

பறங்கிப்பட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓம், இரண்டும் ஒரே குடும்பம், அக்காவும் தங்கையும் மாதிரி. ஆனால் இனி அதைப் பற்றிக் கதைத்துப் பிரயோசனம் இல்லை.

மூன்றாவது குப்பி பொய். பேராசிரியர் சொல்லி, சவர்க்காரம் போன்ற ஒரு திரவத்தில் துளி சேர்த்துச் சோதனையைத் திரும்பச் செய்தேன். நின்றுபோயிருந்த நொதி ஒன்றும் நடக்காதது போல வேலை செய்யத் தொடங்கிவிட்டது. குப்பியில் இருந்தது வெறும் துவர்ப்பு. தேத்தண்ணியில் நாக்கைப் பிடிக்கிறதே, அந்தச் சாதி. அது எதோடு விட்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும். நொதியிலும் ஒட்டிக்கொண்டது, சவர்க்காரம் பட்டதும் கழன்றுவிட்டது. அதை நான் மருந்து என்று நினைத்து அழுதிருக்கிறேன். மூன்று தரம் செய்து பார்த்தேன், அதே விடைதான்.

நீங்கள் யோசெப்பினுக்கு இரண்டு தரம் சொன்னதை நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இனி என்ன சொல்வீர்கள்? பகிடியே பண்ணுங்கள், எனக்கு எதிர்த்துக் கதைக்கத் தெம்பில்லை.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முதல் நாள், பெரிய சனி ரெயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஜூனில் சாமான்களோடு வந்துவிடுவேன். ரசம் வைக்கவும் பழகுகிறேன். எனக்கு வீட்டுக்கு வரவேண்டும் போல இருக்கிறது, அத்தான். அதை எழுத இவ்வளவு நாள் எடுத்தது.

உங்கள் ரஞ்சி


வெஸ்ட்லி
12 ஏப்ரல் 2025

என் ரஞ்சிக்கு,

நீர் வாரும். ஆனால் தோற்றுப்போய் வராதேயும். உம்முடைய நொதிக்கு மருந்து கேட்காவிட்டால் அது நொதியின் குற்றம். எனக்குக் கேட்கிறது!

உயிர்ப்பு ஞாயிறு மட்டும் பொறுத்திருக்க நினைத்தேன். நீர் இப்படி உடைந்துபோய் எழுதிய பிறகு எப்படிப் பொறுக்க? நான் தவக்காலத்துக்கு விட்டது அந்த வெள்ளைக் குளிசையைத்தான். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் பறங்கிப்பட்டைக் கசாயம். பார்த்தால் ஒரே மாதிரி என்று முதலே எழுதியிருந்தீர், இப்போது அக்கா தங்கை என்றும் நீரே எழுதிவிட்டீர், எனக்கு அது போதும்.

பொய் சொல்லக்கூடாது. தொடக்கத்தில் இரண்டு கிழமை நரகம். அந்த நோவைத்தான் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். நீர் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்று கேட்கத்தான் முழங்காலில் நின்றேன். நின்ற பிறகு வாயில் வந்தது வேறு. இவளுடைய மருந்து வெல்லவேண்டும் ஆண்டவரே என்று கேட்டுவிட்டேன். இப்போது நோ எவ்வளவோ குறைவு. கடையில் வாங்கும் நோக்குளிசையும் கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறேன். அதை உம்முடைய ஆராய்ச்சியில் சேர்க்கவேண்டாம்.

சாப்பாடு அவ்வளவாக இறங்கவில்லை. சிறுநீரும் குறைவு. தவக்காலம்தானே, எல்லாம் குறைவு. மேரினுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் உமக்குப் போன் எடுத்து ஊரைக் கூட்டிவிடுவாள்.

ஒரு புதினம். பெரிய வியாழன் ஃபாதர் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் என்னையும் தெரிவுசெய்திருக்கிறார். வலது காலா இடது காலா என்று கேட்டேன். வலது என்றார். நாளைக்குக் குருத்து ஞாயிறு, போகும் வழியில் இதைத் தபாலில் போடுவேன். சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன்.

உம்முடைய எலி,
றெஜினோல்ட்


துரொண்ட்ஹெய்ம்
12 ஜூன் 2025

அன்பின் அத்தான்,

உங்கள் குருத்து ஞாயிற்றுக் கடிதம் கிடைத்தது. பெரிய வியாழனிலிருந்து தபால் இல்லை. ஈஸ்டர் முடிந்து அது என் பெட்டிக்கு வந்தபோது நான் ஒஸ்லோவில் உங்களுக்குச் சவப்பெட்டி தெரிவுசெய்துகொண்டிருந்தேன். அடக்கம் முடித்து மே மாதம் இங்கே வந்துதான் பெட்டியைத் திறந்தேன். உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும், ஆள் உயிரோடு இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். படியிலேயே இருந்து வாசித்தேன்.

பாதம் கழுவும்போது நடந்ததை மேரின் சொன்னாள். "அப்பா சொக்ஸைக் கழட்டேக்கை கால் முழங்கால் வரைக்கும் வீங்கிக் கிடந்தது. ஃபாதர் தண்ணிச் சாடியோட அப்பிடியே நிண்டிட்டார். அப்பா சிரிச்சுக்கொண்டு, 'ஊத்துங்கோ ஃபாதர், இது மனுசியின்ரை மருந்தில சுகமாகிற கால்' எண்டவர்." அடுத்த நாள் சிலுவைப்பாதையில் நீங்கள் விழுந்தீர்கள். நான் சனிக்கிழமை வந்து சேர்ந்தபோது உங்களுக்குப் பேச்சில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். கேட்டதா என்று தெரியாது. திங்கள் காலை போய்விட்டீர்கள்.

சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். அவை முன்னரே பலவீனமாம். தண்ணீர் போதாது, நோக்குளிசை மிதமிஞ்சிப் போய்விட்டது என்றார்கள். வழமையாக என்ன மருந்து போடுபவர் என்று வைத்தியர் என்னைக் கேட்டார். "வெள்ளைக் குளிசை, ஒருநாளும் விடமாட்டார்" என்று உறுதியாகச் சொன்னேன். மூலிகை ஏதும் எடுப்பவரா என்றும் கேட்டார். மூலிகையை ஆராய்வதற்குச் சம்பளம் வாங்கும் நான், இல்லை என்று சொன்னேன். பறங்கிப்பட்டையைப் பற்றி நீங்கள் கேட்டபோது ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நான் உண்மையாகவே ஒன்றைச் செய்யப் புறப்பட்டபோது நம்பவில்லை. அது பொய் என்று நானே எழுதி அனுப்பிய பிறகும் நம்பினீர்கள். உலகத்தில் இப்படி ஒரு மனுசன் இருப்பானா? ஒரு போன் எடுத்திருக்கலாம். சண்டை பிடித்திருப்போம். சண்டை பிடித்துக்கொண்டே உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்.

குசினியில் மிச்சம் கிடந்த உங்கள் வேரை இங்கே கொண்டுவந்தேன். உங்களைக் கொன்றது அதுவா என்று அறியவேண்டியிருந்தது. நஞ்சு ஒன்றும் இல்லை. பிறகு அதையும் பிரித்து, குப்பிகளில் வைத்து, சவர்க்காரத் துளி சேர்த்துப் பார்த்தேன். துவர்ப்பு எல்லாம் விட்டுப்போன பிறகும் ஒரு குப்பி நொதியைப் பிடித்துக்கொண்டு நின்றது. திரும்பத் திரும்பச் செய்தேன். நிற்கிறது. மிகச் சின்ன அளவு. வாளி வாளியாகக் குடித்தாலும் உங்கள் விரலுக்குக் காணாது. ஆனால் அது பொய் இல்லை. பேராசிரியர் எனக்குக் கைகொடுத்தார். மூன்று வருட வேலைக்கான கடதாசி மேசையில் இருக்கிறது.

நீங்கள் கேட்டதை ஆண்டவர் தந்துவிட்டார் என்று யோசெப்பின் சொல்கிறாள். அவளோடு நான் இப்போது கதைப்பதில்லை. முழங்காலில் நின்றபோது முதலில் நினைத்ததையே கேட்டிருக்கக்கூடாதா? நான் வருவதற்கு டிக்கெட் எடுத்திருந்தேனே.

கையெழுத்து வைப்பேனோ தெரியாது. அடுத்த கிழமை வெள்ளி வெஸ்ட்லிக்குப் போய் உங்கள் உடுப்புகளை எடுத்து வைக்கவேண்டும், மேரினால் தனியே ஏலாதாம். இதை இன்றைக்கே நம் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். நான் போய் நிற்கும்போது வந்து கிடக்கும். கீழே கடிதப்பெட்டியைத் திறந்து நானே எடுக்கவேண்டியதுதான். அந்தப் பெட்டி வெறுமையாக இருந்தால் என்னால் படி ஏற முடியாது.

உங்கள்
ரஞ்சி