இரண்டாம் கியரும் உங்கள் இடது காலும்

செருப்புச் சத்தத்தை வைத்தே நான் கண்டுபிடித்துவிடும் அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் மோட்டார் சைக்கிளைப் பதுளைக்குக் கொண்டுவந்து என் வாசலில் போட்டுவிட்டுப் போன தம்பி சிவா, அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை. தப்பு என்னுடையதுதான்.

அவன் ஓட்டிப் போனபோது ஹல்துமுல்லை ஏற்றத்தில் இரண்டாம் கியர் தானாகக் கழன்று, வண்டி பின்னால் உருளப் பார்த்ததாம். "அப்பா பூ மாதிரி வெச்சிருந்த வண்டிடா. ஆறே மாசத்துல மிதிச்சே கொன்னுட்டியே" என்றேன். "நான் ஒன்னும் செய்யலக்கா" என்றான். நம்பினேனா? யாரைத்தான் நம்பியிருக்கிறேன் நான்?

நீங்கள் வழக்கமாக வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் ரஸாக் நானாவையும் நம்பவில்லை. அவர் கியர்பொக்ஸைப் பிரித்துப் பற்சக்கரங்களைத் தட்டில் வைத்ததும், மாற்றிவிடுவாரோ என்று ஒவ்வொன்றிலும் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்தேன். "பொட்டு வெச்சாச்சு, மாலையும் போட்டுருங்க தங்கச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வடித்த எண்ணெயில் இரும்புத் தூள் மின்னியது. இரண்டாம் கியரின் பற்கள் மழுங்கியிருந்தன. கியரை நகர்த்தும் கவட்டை இரும்பு வளைந்திருந்தது.

"யாரு நானா இப்படி மிதிச்சது?"

அவர் கையைத் துடைத்தார். தேத்தண்ணி சொன்னார். மழை வரும் போல இருக்கு என்றார். எனக்குச் சந்தேகம் உச்சிக்கு ஏறிவிட்டது. விடாமல் நின்றேன்.

கடைசியில் கியர் லீவரை என் கையில் கொடுத்தார். குதிகால் வைக்கும் பின்முனையில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. சிவா முன்முனையைக் கால்விரலால் தூக்கித்தான் கியர் போடுவான்.

"தம்பி இல்ல தங்கச்சி, உங்க அப்பாதான். சீனி வியாதியில கால் விரல் மரத்துப்போச்சு, கியர் விழுந்திச்சா இல்லையான்னே தெரியல, அதான் குதிகாலால ஓங்கி மிதிக்கிறேன்னு சொன்னாரு. புள்ளைங்ககிட்ட சொல்லிராதீங்கன்னு கேட்டாரு."

ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தீர்களே அப்பா. மற்றது எங்கே கழன்றது என்றே உங்களுக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்தேன்? குடித்திருக்கிறீர்களோ என்று வாயை முகர்ந்து பார்த்தேன். குனிந்து காலைப் பார்க்கவில்லை. நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள். காலில் புண் இருப்பது எங்களுக்குத் தெரிந்தபோது ஆஸ்பத்திரிக்கும் காலம் கடந்துவிட்டது.

ஏன் மறைத்தீர்கள்? வண்டியைப் பிடுங்கிக்கொள்வேன் என்றா? பிடுங்கித்தான் இருப்பேன். உங்கள் மேல் கோபமாக இருக்கிறது. அழுகையும் வருகிறது.

கவட்டையும் இரண்டாம் கியரும் புதிதாகப் போட்டாயிற்று. என் நகப்பூச்சைத் துடைத்தெடுக்க நானாவுக்கு அரை நாள் போனது. நேற்று ஹாலிஎல ஏற்றத்தில் நானே ஓட்டிப் பார்த்தேன், கியர் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் சிவாவிடம் போகிறேன். மன்னிப்புக் கேட்பேன். அதோடு விட்டுவிடுவேனா, சந்தேகப் பிறவியாயிற்றே? அவனை உட்காரவைத்து, கால் விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளுவேன். பத்து விரலுக்கும் "வலிக்குதுக்கா" என்று அவன் கத்தும்வரை விடமாட்டேன். இது சத்தியம் அப்பா.

வாயை முகர்ந்துவிட்டுக் காலைப் பார்க்காத
உங்கள் மூத்த மகள்,
சாந்தி