ஒலிபெருக்கியில் சொன்ன நாலு பெயர்கள்

அன்பு மகள் சோல்மிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் இங்கே எனக்குச் சோறு இறங்குகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. போன வாரம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாயே, டிராமில் ஒருவன் உன்னைப் பார்த்து உன் நாட்டுக்கே போ என்று கத்தினான் என்று, அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இங்கே நடந்ததை அப்போதே சொல்ல நினைத்தேன், அப்பா பக்கத்திலேயே நின்றதால் வாய் வரவில்லை.

ஏப்ரல் தேர்தலுக்காக வேட்பாளர் நம் ஊர் மன்றத்துக்கு வந்தார். கடற்பாசி விலையைப் பற்றியும் படகுத்துறை தூர்ந்து கிடப்பதைப் பற்றியும் பேசுவார் என்று எல்லாரும் போயிருந்தோம். அவர் வாயைத் திறந்ததுமே கடலோரப் பாதுகாப்பு என்றார். ஊடுருவல் என்றார், நம் கரையில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார், வெளிநாட்டு ஆட்கள் அலை அலையாக வருகிறார்கள் என்றார். கடலை முன்னாடி வச்சுக்கிட்டு மனுசனைப் போய் அலைங்கிறான் பாரு என்று அப்பா என் காதில் முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் மன்றம் முழுக்கக் கை தட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் பக்கத்து வீட்டுப் பான்சு. அவன் பண்ணையில் இந்தக் குளிரில் பாசி அறுப்பது கிழக்குத் திமோரிலிருந்து வந்த நாலு பையன்கள், உனக்குத் தெரிந்ததுதான். அதுவரை பான்சு வீட்டுப் பையன்கள் என்று சொன்ன வாய்களெல்லாம் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போதே அந்நிய ஆட்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டன. எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்தது. விடிகாலையில் சேற்றுச் செருப்போடு வருகிறவனைக் கண்டால் எதிரி நாட்டு ஒற்றன் என்று போலீசுக்குச் சொல்லுங்கள் என்று அப்போது ஒலிபெருக்கியில் சொல்வார்கள். விடிகாலையில் சேறு இல்லாத செருப்போடு வருகிற மீனவன் எந்த ஊரில் இருக்கிறான்? உன் தாத்தாவையே ஒருமுறை நிறுத்தி வைத்து விசாரித்தார்கள்.

அந்த வாரமே ஒரு ராத்திரி பெருங்காற்று அடித்தது. மறுநாள் காலையில் அந்தப் பையன்களில் மூத்தவன் அனிசெத்து, கயிறு அறுத்த உள்ளங்கையோடு மருந்து கேட்டு நம் வீட்டுக்கு வந்தான். காற்று ஏறியதும் நாலு பேரும் போய் அவிழ்ந்து கிடந்த படகுகளையெல்லாம் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், நம் படகையும் சேர்த்துத்தான். தலைவரம்மா, உங்க முடிச்சு ரொம்ப மோசம் என்று சொல்லிவிட்டு வேறு போனான். அவன் போன சூட்டோடு வேட்பாளரின் ஆள் ஒருவன் வந்தான். இருட்டில் படகுத்துறையில் அந்நியர் நடமாட்டம் இருந்ததாம், பாதுகாப்பு கருதி எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு விழிப்பாக இருக்க வேண்டுமாம், ஊர்த்தலைவி என்ற முறையில் நான் அதை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டுமாம். சுனாமி எச்சரிக்கை சொல்கிற மைக்கில்! அது அந்நியர் இல்லைங்க, பான்சு பையன்கள் என்றேன். பேரெல்லாம் எதுக்கும்மா, பொதுவாச் சொன்னாப் போதும் என்றான். அந்தப் பொதுவாக என்ற சொல்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. மன்றத்துக்குப் போய் மைக்கைத் தட்டி, ஆ, ஆ, எல்லா வீட்டுக்கும் கேட்குதா என்று கேட்டுவிட்டு, ராத்திரி படகுத்துறையில் இருந்தது பான்சு பண்ணையில் வேலை பார்க்கிற அனிசெத்து, செலித்து, மானுவேல், தொமாசு, அவங்கதான் நம்ம படகையெல்லாம் கட்டினாங்க, பார்த்தால் ஒரு நன்றி சொல்லுங்க என்று முடித்தேன். வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

வீட்டு வாசலில் பான்சு நின்றான். முகம் வெளுத்திருந்தது. அண்ணி, என்ன காரியம் பண்ணிட்டீங்க, செலித்துக்கு விசா முடிஞ்சு போச்சு, ஊருக்கே பேரைச் சொல்லிட்டீங்களே என்றான். ஆனாலும் கேட்டேன், ஏன்டா, அன்னிக்கு அப்படிக் கை தட்டினியே என்று. அது வேற அண்ணி, அவரு சொன்னது கடல்ல வர்ற கும்பலை, இவன் நம்ம பையன் என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை சோல்மி, மனதாரச் சொன்னான். அவன் மனதில் அந்தக் கும்பலுக்கு முகமே இல்லை. நான் பண்ணைக்குப் போவதற்குள் செலித்து துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டான். வடக்கே ஏதோ தொழிற்சாலை ஊருக்குப் போயிருப்பான் என்று அனிசெத்து சொல்கிறான், போன் எடுக்கவில்லையாம். கோபமா என்று அனிசெத்திடம் கேட்டேன். நீங்க நல்லதுதான் நினைச்சீங்க தலைவரம்மா என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

வேட்பாளர் ஜெயித்துவிட்டார். பான்சுவும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டானாம், ஓர் ஆள் குறைந்ததால் தானே இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி அறுத்துக்கொண்டே சொல்கிறான். என்னைத் தலைவி பதவியிலிருந்து இறக்க வேண்டும் என்று கொஞ்சம் பேர் பேசுகிறார்கள். மைக்கைத் தொடாம இருந்திருக்கலாம் என்று அப்பா சொல்கிறார். நான் பெயர் சொல்லாமல் விட்டிருந்தால் அவர்கள் வேறு யாரையாவது வைத்து அந்நியர் என்றே சொல்லியிருப்பார்கள். சொன்னதால் ஒரு பிள்ளை போய்விட்டான். துணி மடிக்கும்போதும் கிம்ச்சி ஊறுகாய்க்கு உப்பு போடும்போதும் இதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன், எந்தப் பக்கம் புரட்டினாலும் முள் குத்துகிறது.

ஒன்று மட்டும் கேள். விசா புதுப்பிக்கிற வேலையைத் தள்ளிப்போடாதே, நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதே. நெஞ்சுச் சளிக்கு வெந்நீர் குடி. பொட்டலத்தில் வாட்டின பாசி வைத்திருக்கிறேன், அதில் பாதியை உன் கீழ்வீட்டுக்காரிக்குக் கொடு. அவளுக்கு அந்த வாசனை பிடிக்காது என்பாய், பரவாயில்லை, கொண்டுபோய்க் கொடுத்து உன் பெயரைச் சொல், அவள் பெயரைக் கேள். ஊருக்கு மைக்கில் சொல்கிற பெயரும் வாசற்படியில் சொல்கிற பெயரும் ஒன்றில்லை என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். உங்கள் ஊரிலும் எவனாவது மேடையேறிப் பாதுகாப்பு என்று ஆரம்பிக்கிற நாளில், அவளா, மாடி வீட்டு சோல்மி ஆச்சே என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒரு வாயாவது இருக்கட்டும்.

கடல் உன்னைக் காக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்குக் கதவு திறக்கட்டும். டிராமில் நடந்த மாதிரி இன்னொரு தடவை நடந்தால் என்னிடம் சிரிக்காமல் சொல்.

உன் அம்மா
மால்ரே