இரண்டு சோனிகளுக்குப் பிறந்த சோளம்

12.9.1987
மக்காச்சோளம் கதிர் வைக்கத் தொடங்கிவிட்டது. கதிர் நுனியில் நூல் நூலாக மீசை விட்டதும் சில நாளுக்குள் மகரந்தம் போட்டாக வேண்டும். ஏழு பருவமாக அதனதன் மகரந்தத்தையே அதனதன் கதிருக்குப் போட்டு நான் வளர்த்த இரண்டு குலங்கள். பருவத்துக்குப் பருவம் குள்ளமாகி, வெளிறி... இப்போது இடுப்பளவுதான். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் குஞ்சம்மாள் கேட்டாள்: “இன்னா செலினாம்மா, சோறு இல்லாத புள்ளைங்க மாதிரி நிக்குது? இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?” இரண்டையும் கலக்கப் போகிறேன் என்றேன். சிரித்தாள்.

விதைக் கம்பெனி மேலாளர் சிரிக்கவில்லை. இந்தத் தடவையும் தேறாவிட்டால் தோட்டத்தை மூடிவிடுவார்களாம்.

17.9.1987
இட ஒதுக்கீடு கேட்டு மறியல். பஸ் இல்லை.

18.9.1987
மீசை காத்திருக்காது. கள்ளக்குறிச்சியிலிருந்து தோட்டத்துக்குச் சைக்கிளில் கிளம்பினேன். சின்னசேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஒரு கூட்டம் மறித்தது. “யாரு நீ? திரும்பிப் போ!” சைக்கிளை விட்டு இறங்கினேன். கூட்டத்துக்குள்ளிருந்து குஞ்சம்மாளின் கணவர் அரங்கநாதன் வந்தார்.

“நம்ம தோட்டத்து அம்மாடா. வுடுங்க.” சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார். “எம் பொண்ணு பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டு வூட்ல குந்திக்கினு இருக்குது. அதுக்குத்தான் நிக்கிறேன். நீ போம்மா.”

தோட்டத்திலேயே தங்கிவிட்டேன்.

20.9.1987
அரங்கநாதனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. எங்கோ துப்பாக்கிச் சூடு என்கிறார்கள். உயிரோடு இருக்கிறாரா? யாரைக் கேட்பது?

குஞ்சம்மாள் அழுதுகொண்டே வந்து காகிதப் பையை எடுத்தாள். வூட்டுக்குப் போக்கா, நான் பாத்துக்கறேன் என்றேன். “வூட்ல குந்திக்கினா பைத்தியம் புடிக்கும்.” ஒரு குலத்தின் உச்சிப் பூவிலிருந்து மகரந்தத்தைப் பையில் உதிர்த்துத் தந்தேன். மற்றதன் மீசையில் அவள் தட்டினாள். வரிசையை முடித்துவிட்டோம்.

5.10.1987
கடலூர் சிறையில் இருக்கிறாராம். உயிரோடு. கர்த்தருக்கு நன்றி.

16.12.1987
கலப்பு விதை முளைத்து மூன்று வாரம். பக்கத்துப் பாத்தியில் அதே நாளில் விதைத்த தாய்க் குலமும் தகப்பன் குலமும் கணுக்கால் உயரம். பிள்ளை முழங்காலைத் தாண்டிவிட்டது. அதே மண், அதே கிணறு!

24.1.1988
கலப்புச் செடிகளின் வரிசைக்குள் நின்றேன். கல்வராயன் மலை மறைந்துவிட்டது.

விடுதலையாகி வந்த அரங்கநாதன் இலைகளை விலக்கிக்கொண்டு வந்தார். கையை உயர்த்திப் பார்த்தார். உச்சிப் பூ எட்டவில்லை. “இன்னாம்மா இது! அந்த ரெண்டு சோனிக்கா பொறந்துது?”

ஒன்றின் குறையை மற்றதன் நிறைவு மூடிவிடுகிறது என்று விளக்கினேன். படித்ததுதான். ஆனால் தலைக்கு மேல் இலைகள் உரசும்போது அந்த விடை போதவில்லை. இவ்வளவும் எங்கே இருந்தது? அந்த வெளிறிய செடிகளுக்குள்ளா? கோயிலில்கூட நான் இப்படி வாயடைத்து நின்றதில்லை.

11.3.1988
அறுவடை. மேலாளர் ஒரு கதிரை உரித்தார். மணி வரிசைகளை எண்ணிப் பார்த்தார். தோட்டம் தொடரும்.

குஞ்சம்மாள் விதைக்கென்று மடியில் கதிர் கட்டினாள். “வேணாங்க்கா. இதையே போட்டா அடுத்த வாட்டி வெளச்சல் கம்மியாயிடும். திரும்ப அந்த ரெண்டையும்தான் கலக்கணும்” என்றேன்.

“அப்ப அதுங்க சாவக்கூடாது” என்றாள்.

19.3.1988
மெலிந்த குலங்கள் இரண்டையும் மறுபடி விதைத்தோம். மறியலில் கேட்டது இன்னும் கிடைக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் குறைவு. அரங்கநாதன் முதல் மடையை அந்தப் பாத்திக்குத்தான் திருப்பினார். நான் சொல்லவில்லை.