மயில்துத்தம் தெளித்த மண்

அன்புள்ள அண்ணனுக்கு,

போன மாதம் கம்பத்தில் நம் திராட்சைத் தோட்டத்து மண்ணை எடுத்துப்போன பெண்ணை ஆய்வகத்திலிருந்து அனுப்பியது நான்தான். வருடக்கணக்காக மயில்துத்தம் தெளித்த மண்ணில் கிருமிகள் பிழைப்பதே கஷ்டம். ஆனால் ஒன்று செழித்திருக்கிறது. அந்தச் செம்பு நஞ்சைத் தாங்கும் மரபணுவை அது தன் இனத்திடம் பெறவில்லை. பக்கத்தில் வாழ்ந்த வேறொரு இனம் கொடுத்திருக்கிறது.

சர்ச்சில் நடந்த என் கல்யாணத்துக்கு நம் வீட்டில் யாரும் வரவில்லை. அன்று மாமியார்தான், "அழாத ஆத்தா, நாங்க இருக்கோம்ல" என்று சொல்லிச் சாப்பிட வைத்தார்.

மண் எடுக்க வந்தவளிடம், "ஒன்னய அனுப்புனது யாருன்னு தெரியும். அவ நல்லா இருக்காளா?" என்று கேட்டீர்களாம்.

நன்றாக இருக்கிறேன், அண்ணே. ஆய்வு முடிவைத் தபாலில் அனுப்பலாம். நானே கொண்டுவரட்டுமா?

உங்கள் தங்கச்சி