வெட்டிய இடம்

மார்ச் 4, செவ்வாய்

மனைவி ஏழரைக்கே கிளம்பிவிட்டாள். மருந்துக் கடையில் இந்த மாதம் அவளுக்குக் காலை ஷிஃப்ட். எனக்கு ஸ்டுடியோ பதினொன்றரைக்குத்தான். நடுவில் கிடக்கிற இந்த நேரம்தான் என்னைப் பிடித்த சனி.

குளிக்க எழுந்தேன். துண்டை எடுத்தேன். இன்னொரு கையில் போன் இருந்தது. யார் எடுத்துக் கொடுத்தார்கள்?

ஸ்டுடியோவுக்குத் தாமதம். முதலாளி கடிகாரத்தைப் பார்த்து இருமினார். ‘டிராஃபிக்’ என்றேன். நடந்து வருகிறவனுக்கு என்ன டிராஃபிக்?

மார்ச் 6, வியாழன்

இன்று அந்த வீடியோக்களைப் பார்க்கவில்லை. காலை முழுக்கக் கரண்ட் இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

புது வேலை வந்திருக்கிறது. ஆவணப்படம். எடுப்பவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. முதலாளி அவரை டைரக்டரம்மா என்கிறார், நானும் அப்படியே. ஆபாசப் படத் தொழிலிலிருந்து வெளியே வந்த ஏழு பெண்களின் பேட்டி. பேட்டிகளில் இருக்கிற இரைச்சலை நீக்க வேண்டும், குரல்களை மாற்ற வேண்டும்.

“மூஞ்சிய மறைச்சுட்டோம் தம்பி. குரல்தான் காட்டிக் குடுக்கும். பெத்தவ கேட்டாக்கூடத் தெரியக் கூடாது” என்றார் டைரக்டரம்மா.

“நம்ம ஆளுக்குப் பாம்புக் காதுங்க. நம்பிக் குடுங்க” என்றார் முதலாளி.

நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றி முடித்ததைப் பிரித்து மறுபடி சுற்றினேன்.

ஊரில் இத்தனை சவுண்ட் இன்ஜினியர் இருக்கும்போது ஏன் என்னிடம்? மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தான் இந்தக் கேள்வியெல்லாம் வரும்.

மார்ச் 10, திங்கள்

ஆறு குரல்களை வேலையாகப் பார்த்து முடித்தேன். விசிறிச் சத்தத்தைக் குறைத்தேன், மூச்சைச் சன்னமாக்கினேன். திரையில் ஓடும் அலைகளை மட்டும் பார்த்தேன். என்ன சொல்கிறார்கள் என்பதைக் காதுக்கு வெளியிலேயே நிறுத்தி வைக்க முடிந்தது. பழக்கம்.

ஏழாவது குரல் வேறு மாதிரி. கலகலப்பான குரல். சந்தையில் விலை சொல்வது போலச் சொல்கிறாள்:

“சிரிக்கச் சொல்லுவாங்க. சிரிப்பு வரலேன்னா திரும்ப மொதல்லேருந்து. அதனால நான் சட்டுனு சிரிச்சிடுவேன். சீக்கிரம் முடியும்ல?”

நிறுத்தினேன்.

எனக்கு ஒரு விதி உண்டு. இதுவரை எங்கும் எழுதியதில்லை. ஆபாசப் படத்தில் சிரிக்கிற முகம் இருந்தால்தான் பார்ப்பேன். முகம் சுளித்தால், கண் கலங்கினால் உடனே மூடிவிடுவேன். அது என்னுடைய நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். சிரிக்கிறாளே, பிடித்துத்தானே செய்கிறாள்— அந்த ஒரு சமாதானத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நல்லவனாக உலவியிருக்கிறேன்.

மறுபடி ஓட்டினேன். சொந்த விருப்பத்தில்தான் வந்தேன் என்று முதலில் கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ‘இன்னும் சந்தோசமா சொல்லும்மா’ என்று திரும்பத் திரும்ப எடுத்தார்களாம்.

“நடுவுல ஒரு விஷயம் வேணாம்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். அப்புறம் படத்துல பாத்தா, நான் சொன்னதையே காணோம். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, சொன்னேனா இல்லையான்னு.”

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் பார்த்தேன். என்ன ஜென்மம்டா நீ.

மார்ச் 12, புதன்

 நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் மனைவி போனதும், போனில் சேமித்து வைத்திருக்கும் ஒன்றை எடுத்தேன். எத்தனையோ தடவை பார்த்தது. இன்று மட்டும் ஸ்டுடியோ ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஏன் மாட்டினேன்? தெரியும். கேட்கத்தான்.

எங்கள் தொழிலில் ‘ரூம் டோன்’ என்போம். யாரும் பேசாதபோதும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சத்தம் இருக்கும்— ஏசியின் முனகல், எங்கோ ஒரு டியூப் லைட். ஒரு காட்சியை நடுவில் வெட்டி ஒட்டினால் அந்த முனகல் ஒரு துளி தாவும். கண்ணுக்குத் தெரியாது. காது பழகியவனுக்குத் தெரியும்.

தாவியது.

பின்னால் நகர்த்திக் கேட்டேன். தாவுவதற்குச் சற்று முன்னால் படத்தில் இருக்கிற பெண் வாய் திறக்கிறாள். ஒரே ஒரு எழுத்து. “வே—”. அடுத்த கணம் ஏசி வேறு சுருதியில் முனகுகிறது, அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

வேகமா? வேற? வேர்க்குது? வேண்டாம்?

ஏழாவது குரல் இல்லை இது. இவள் வேறு யாரோ. எந்த ஊரோ, இருக்கிறாளோ இல்லையோ. அந்த எழுத்துக்கு அப்புறம் என்ன சொன்னாள் என்று எனக்கு ஒருபோதும் தெரியப் போவதில்லை. வெட்டினவனுக்குத் தெரியும். நான் செய்கிற அதே வேலையைச் செய்கிறவன் அவன். அதே சாஃப்ட்வேராகக்கூட இருக்கும்.

தெரியாமலேதானே இத்தனை வருஷம் பார்த்தேன்? தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. அதுதான் நிஜம்.

எல்லாவற்றையும் அழித்தேன். ஒவ்வொன்றாக. சில வீடியோக்களை அழிக்கும்போது கை தயங்கியது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 15, சனி

உட்கார முடியவில்லை. நிற்க முடியவில்லை. காலை நேரம் ரப்பர் மாதிரி நீள்கிறது. அடுப்பு மேடையைத் தேய்த்தேன். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஃபேனைக் கழற்றிக் கழுவி மாட்டினேன்.

“என்ன, வீடு பளபளன்னு இருக்கு? யாரு வர்றாங்க? உங்க அண்ணியா?” என்றாள் மனைவி.

“வீட்டச் சுத்தம் பண்ணா தப்பா?” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் கைப்பையை மாட்டிவிட்டு உள்ளே போனாள். ஃபேன் மட்டும் புதுசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

மார்ச் 19, புதன்

திறந்தேன். மறைத்து என்ன, மறுபடி அந்தத் தளங்களைத்தான். ஆனால் பார்க்க முடியவில்லை. காது படத்தை விட்டுவிட்டு ஏசியைத் தேடுகிறது. எங்கே தாவுகிறது, எங்கே தாவுகிறது என்று. சோற்றில் ஒரு தடவை கல் கடித்துவிட்டால் அடுத்த கவளத்தை எவன் நிம்மதியாக மெல்லுவான்?

மூடிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தேன். ஸ்டுடியோ திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். முதலாளி என்னைப் பார்த்து இருமக்கூட மறந்துவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

ஏழாவது குரல் இன்று நேரில் வந்தாள்.

மாற்றிய குரலைத் தானே கேட்டுப் பார்க்க வேண்டும் என்றாளாம். டைரக்டரம்மா கூட்டி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கேக் கடையில் வேலை. நகக்கண்ணில் கொஞ்சம் சிவப்பு கிரீம் ஒட்டியிருந்தது. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். கேட்டாள். பக்கென்று சிரித்தாள்.

“ஐயோ, ஜலதோஷம் பிடிச்ச ஆம்பள மாதிரி இருக்கு!”

“சுருதியக் கொஞ்சம் கூட்டட்டுமா?” என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் குமிழைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“கூட்டுங்க சார். எங்க அக்காவுக்கு என் சிரிப்பு நல்லாத் தெரியும். சிரிப்ப மட்டும் நல்லா மாத்திடுங்க.”

“சிரிப்ப எடுத்துடவா?”

யோசித்தாள். “வேணாம். இருக்கட்டும். அது நான்தான்னு எனக்காச்சும் தெரியணும்ல.”

வேலை முடிந்து அவள் கிளம்பியதும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன். தெருமுனையில் பிடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தாள்.

“என்ன சார், எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டேனா?”

வாய் வரைக்கும் வந்தது. நானும் பார்க்கிறவன்தான், உன்னை இல்லை, உன்னைப் போல எத்தனையோ பேரை, மன்னிச்சுடு— அவ்வளவும் வந்தது. அவள் கண் ஒரு கணம் என்னை எடை போட்டது. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். ஆண்கள் தன் பின்னால் ஓடி வருவது அவளுக்குப் புதிதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. சொன்னால் என் நெஞ்சு லேசாகும். அவளுக்கு? நாளைக்குக் கேக் கடைக்கு வருகிற ஒவ்வொருத்தனையும் பார்த்து ‘இவனுமா’ என்று நினைக்க வேண்டியதுதான்.

“மழை வர்ற மாதிரி இருக்கு. பாத்துப் போங்க” என்றேன்.

வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. “சரிங்க சார்” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மார்ச் 30, ஞாயிறு

மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகம் இல்லை. படத்தைப் பற்றித் தொடங்கி, ஏழாவது குரலைப் பற்றிச் சொல்லி, என்னைப் பற்றி முடித்தேன். கத்தி நின்றது.

“கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்தா?”

“ஆமா.”

“அப்புறமும்?”

“ம்.”

கத்தியைப் பலகையில் வைத்தாள். பிறகு கேட்டாள்: “எங்கிட்ட வரும்போது கண்ண மூடிக்குவியே. அதுக்கா?”

பத்து வருஷத்தில் முதல்முறையாக ‘நீ’ என்றாள். நான் வாயைத் திறந்தேன்.

“சொல்லாத. எனக்குத் தெரிய வேணாம்.”

மீதிக் காயை நறுக்கினாள். சமைத்தாள். பரிமாறினாள். தன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். சொல்லியிருக்கக் கூடாதோ? சொல்லாமல் எத்தனை நாள்? எதைச் செய்தாலும் தப்பாகவே இருக்கிற ஒரு மூலையில் நானே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேசுகிறாள். ஆனால் ‘நீங்க’ளும் இல்லை, ‘நீ’யும் இல்லை. “சாப்பாடு இருக்கு.” “கேஸ் தீந்துடுச்சு.” சுவருக்குச் சொல்வது போல. நானும் சுவர் போலக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கல்லூரி நண்பன் ஒருத்தன், ஒட்டடைக்குச்சி என்போம், வழக்கம்போல ஒரு கிளிப் அனுப்பினான். திறக்காமல் அழித்துவிட்டு அவனை அழைத்தேன்.

“இனிமே அனுப்பாதடா.”

“ஏன், வீட்ல மாட்டிக்கிட்டியா?”

“இல்ல. அதுல யாரு ஒத்துக்கிட்டாங்க, யாரு ஒத்துக்கலன்னு நமக்குத் தெரியாதுடா.”

“அடேய், காசு வாங்கிட்டுத்தான்டா நடிக்கிறாங்க.”

“அதுவும் நமக்குத் தெரியாது.”

“சாமியாரே, ஆளை விடு” என்று வைத்துவிட்டான். சாமியாரா? என் லட்சணம் எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 20, ஞாயிறு

தவறிவிட்டேன், மறுபடி பார்த்தேன். மனைவி கடைக்குப் போயிருந்த நேரம். வந்ததும் சொன்னேன். “சரி” என்றாள். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. போர்வையை இரண்டாக மடிக்கும்போது திடீரென்று கேட்டாள்.

“அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்காளா?”

“தெரியல. கேக் கடையில இருக்கா. நல்லா சிரிக்கிறா.”

“அக்கா ஒருத்தி இருக்கான்னு சொன்னீங்கல்ல. அவகிட்டயாச்சும் சொல்லிக்க முடிஞ்சா தேவல.” போர்வையை நாலாக மடித்தாள். “ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியாம வெச்சிருக்கறது கஷ்டம்.”

யாரைச் சொன்னாள்? அந்தப் பெண்ணையா, என்னையா? கேட்கவில்லை. போர்வை தீர்ந்துவிட்டது, தலையணை உறையை எடுத்தோம்.

மே 3, சனி

காலை முழுக்க மனசு குரங்காய்த் தாவியது. வீட்டில் இருக்கவே பயம். மருந்துக் கடை வரைக்கும் நடந்து போய், வெளியே நின்று, அவள் யாருக்கோ மாத்திரையைக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவள் பார்த்தாளோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

மதியம் சமையலறையில் கண்ணாடி டம்ளர் உடைந்தது. பெருக்கியாகிவிட்டது என்று நினைத்தோம். சாயங்காலம் அவள் ‘ஆ’ என்று ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். குதிகாலில் ஒரு சில்லு. தானே எடுக்கப் பார்த்தாள், எட்டவில்லை. கொஞ்ச நேரம் முனகினாள். பிறகு ஊசியை என் பக்கம் நீட்டினாள்.

தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்துக்கொண்டேன். குதிகால் வெடித்திருந்தது. நாள் முழுக்கக் கடையில் நின்றே இருக்கிற கால். இத்தனை வருஷத்தில் இந்தக் காலை நான் இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

“கையா அது, உலக்கையா? மெதுவாங்க!”

“ஆடாத. இன்னும் உள்ள போயிடும்.”

“வலிச்சா சொல்லுவேன்.”

“சொல்லு. உடனே நிறுத்திடறேன்.”

இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் நிறுத்தினேன். மூன்றாம் முறை சில்லு வந்துவிட்டது, கடுகளவு. விளக்கு வெளிச்சத்தில் காட்டினேன். “இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்!” என்று தன்னையே திட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். போனை எடுத்து அவள் அம்மாவுக்கு அடித்து, டம்ளர் உடைந்த கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

என் மடியிலிருந்து காலை எடுக்கவில்லை. மறந்துவிட்டாளா என்று நிமிர்ந்து பார்த்தேன். மறக்கவில்லை.

கதை வெகுநேரம் போயிற்று. என் கால் மரத்துப்போனது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.