இரண்டு அருணாச்சலா இல்லம்

போன வருடம் வீடு மாற்றுவதற்காகச் சாமான்களைக் கட்டும்போது உன் நோட்டு கையில் அகப்பட்டது. பச்சை மையில் பத்தொன்பது வீடுகள். கிரிவலம் வருபவர்களுக்கு அறை கொடுக்கும் வீடுகளை இணையப் பக்கத்தில் போடலாம் என்று நாம் கிளம்பியபோது, தெருத்தெருவாகப் போய் நீ எழுதியது. எங்காவது அடித்துத் திருத்தியிருக்கிறாயா என்றுதான் முதலில் தேடினேன். உன்னைச் சந்தேகப்படும் புத்தி அப்போதும் போயிருக்கவில்லை.

விவரங்களை ஏற்றியது நீ. வீட்டின் பெயரைக் கொடுத்தால் விவரம் தரும் அகராதியாக அதை அமைத்தது நான். ஒவ்வொரு வீடாக எடுத்துப் பக்கத்தில் காட்டும் லூப்பும் என்னுடையதே. பதினெட்டுதான் வந்தது. அடி அண்ணாமலையில் இருக்கும் என் அத்தை வீடு இல்லை. செங்கம் ரோட்டு உன் சித்தப்பா வீடு இருந்தது.

"என்னாடா, எங்க அத்தை வீட்ட மட்டும் தூக்கிட்டியா?"

"பத்தொன்பதும் போட்டேன்டா. உன் லூப்ப பாரு."

"லூப்பு ஒழுங்காத்தான் சுத்துது. ஆளுதான் சரியில்ல."

பிரவுசிங் சென்டரில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "படிச்ச திமிரு ஜாஸ்திடா உனக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய்.

அத்தை வீட்டை நானே மறுபடி சேர்த்தேன். உடனே உன் சித்தப்பா வீடு காணாமல் போயிற்று. "திருடன் பயந்து அவன் சித்தப்பா வீட்ட எடுத்துட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அது உன் காதுக்கும் வந்திருக்கும். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் நீ போகும்வரை நாம் பேசவில்லை.

சாமான் கட்டிய அன்றுதான் நோட்டில் பார்த்தேன். நான்காவது வரி: அருணாச்சலா இல்லம், அடி அண்ணாமலை. பதினேழாவது வரி: அருணாச்சலா இல்லம், செங்கம் ரோடு. இந்த ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டுக்காவது அந்தப் பெயர்தானே! அகராதியில் ஒரு பெயருக்கு ஓர் இடம்தான். பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிடும். லூப் மிச்சம் இருந்ததை ஒழுங்காகக் காட்டியது. நீ இரண்டையும் போட்டிருக்கிறாய். அழித்தது என் அமைப்பு.

இப்போது எங்கே ஒன்று குறைந்தாலும் என் வரிகளைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன்.

போன வாரம் அலுவலகத்தில் உன் பெயரிலேயே ஒருவன் சேர்ந்தான். அவன் எண்ணைப் பதிய முயன்றபோது, அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றிவிடலாமா என்று செல்போன் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அவன் பெயரோடு கீழ்பென்னாத்தூர் என்று அவன் ஊரைச் சேர்த்துக்கொண்டேன்.

உன் பெயர் அப்படியே இருக்கிறதடா.