இரண்டு குமிழ் வைத்த ஹெட்போன்

போன வாரம் திருநெல்வேலியில் என் மகன் ஹெட்போன் வாங்கப் போன கடைக்கு நானும் போயிருந்தேன். கண்ணாடி மேசையின் மேல் மூன்றை எடுத்து வைத்தார்கள். ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றி, மறுபடியும் முதலிலிருந்து மாட்டி, எதை எடுப்பது என்று தெரியாமல் அவன் நின்றான். இரண்டாவதை இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தான் போலிருக்கிறது. விற்பனைக்கு நின்ற பெண், "சார், திருப்பிப் போட்டிருக்கீங்க" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே கழற்றிச் சரியாக மாட்டினான். அதற்குப் பிறகு அவன் எதை வாங்கினான், என்ன விலை சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. நினைப்பு உன்னிடம் போய்விட்டது.

நீ போன பிறகு உனக்கு எழுதுவதில் அர்த்தமில்லை என்று தெரியும். நீயே பார்த்தால் "ஒனக்கு வேற சோலி இல்லையாட்டி" என்பாய். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் நாம் அன்று உனக்கு ஹெட்போன் வாங்கிய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஆபரேட்டர்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலையில் மாட்டும் செட்டுக்கு ஒரு காதுதான் உண்டு. எழுதும் கைக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று இருவருமே இடது காதில் வைப்போம். வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் கத்துவார், மதுரைக்காரர் ஒருவர் முணுமுணுப்பார், நடுவில் கம்பி இரையும். நாள் முழுக்க அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் யாராவது பேசினாலே எனக்கு எரிச்சல் வரும். உனக்கு அப்படியில்லை. உனக்குப் பாட்டுக் கேட்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்த உன் தம்பி இரண்டு ஸ்பீக்கர் வைத்த டேப் ரிக்கார்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தான். அது உன் வீட்டு அலமாரியின் மேல் பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு சும்மா இருந்தது. பல குடித்தனங்கள் ஒட்டியிருக்கும் வளவுக்குள் ஒற்றை அறை வீடு. உன் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் மில்லில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் உறங்குவார். நீ காலை ஷிப்ட் முடிந்து வரும்போது அவருக்கு நடு உறக்கம். அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு போடலாமென்றால் ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் படிக்கிற பிள்ளைகள்.

ஒருநாள் லைன் சேர்க்கும் போர்டில் வேலை குறைந்த நேரத்தில் என் பக்கம் சாய்ந்து, "ஏட்டி, அந்தப் பொட்டியில ஒரு சின்ன ஓட்டை இருக்கு பாத்தியா? அதுல ஹெட்போன் மாட்டலாமாம். தம்பி சொல்லியனுப்பியிருக்கான்" என்றாய்.

"இங்கன நாள் பூரா தலையில மாட்டிட்டுக் கெடக்கது போதாதா?"

"இது வேற. அது பாட்டுக்கு."

எதையாவது ஒன்றை வாங்கிவிடலாம் என்று நான் நினைத்தேன். நீ விடவில்லை. ரத வீதியிலிருந்த எலக்ட்ரிக் கடையில் ஒன்று இருந்தது. மாட்டிப் பார்த்துவிட்டு, "டப்பாவுக்குள்ள உக்காந்து பாடுத மாதிரி இருக்கு" என்று வைத்துவிட்டாய். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. கடையநல்லூரில் மைதீன் பாய் என்று ஒருவர், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர், கொண்டுவந்த சாமான்களை வீட்டில் வைத்தே விற்கிறார் என்று யாரோ சொன்னார்கள். இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்த ஒரு நாள் கிளம்பினோம். புளியங்குடியில் பஸ் மாறினோம். ஸ்டாண்டு முழுக்க எலுமிச்சை மூட்டைகளின் வாசனை. உன் கைப்பையில் ஒரே ஒரு கேசட் இருந்தது. எதை மாட்டினாலும் அதே பாட்டைத்தான் கேட்க வேண்டும், அப்போதுதான் வித்தியாசம் தெரியும் என்றாய்.

மைதீன் பாய் நம்மை உட்காரச் சொல்லி, இரண்டு ஹெட்போன்களை எடுத்து வந்தார். ஒன்று மெல்லிய கம்பியும் மஞ்சள் பஞ்சும் வைத்தது. தலையில் இருப்பதே தெரியாது. ஆனால் நீ மாட்டியிருந்தபோது பக்கத்திலிருந்த எனக்கும் பாட்டு சன்னமாகக் கேட்டது. மற்றது காதை முழுக்க மூடிக்கொள்ளும் பெரியது, புத்தம் புதியது, மெத்தைபோல் இருந்தது. வெளியே சத்தமே வராது. எனக்குப் பார்த்தவுடனே அது பிடித்துவிட்டது.

நீ முதலாவதை மாட்டிக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஜால்ராவக் காணும்" என்றாய்.

"சின்ன சாமான்தானம்மா, அப்படித்தான் இருக்கும். பெரிசப் போட்டுப் பாருங்க" என்றார் பாய்.

பெரியதையும் மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டாய். "இதுலயும் இல்ல. இந்தப் பாட்டுல ஜால்ரா உண்டு. எனக்குத் தெரியும்."

பாய் வாங்கி மாட்டிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். நான் மாட்டினேன். இடது காதில் ஜால்ரா கிணுகிணுவென்று தெளிவாக விழுந்தது. நான் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். தேத்தண்ணீர் கொண்டுவந்த பாயின் மனைவிதான் தம்ளர்களை வைத்துவிட்டு, என் மடியிலிருந்ததை எடுத்து ஒரு நிமிடம் தன் காதில் வைத்துக் கேட்டார். பிறகு உன் பக்கத்தில் உட்கார்ந்து, அதை இடம் வலம் மாற்றி உன் தலையில் மாட்டிவிட்டார்.

"இப்பக் கேளும்மா."

நீ கேட்டாய். உன் கை வலது காதின் மேல் போய் நின்றது.

"இந்தா வருதே" என்றாய். பிறகு, "அப்ப என் காதுதானா" என்றாய்.

பாய் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் கனமான பழைய ஹெட்போன் ஒன்று இருந்தது. மேல்தோல் வெடித்திருந்தது. காதை மூடும் இரண்டு கிண்ணங்களின் அடியிலும் தலா ஒரு குமிழ். "இது விக்கதுக்கு இல்ல, நான் கேக்கது. சும்மா போட்டுப் பாருங்க. எந்தப் பக்கம் எவ்வளவு சத்தம் வேணுமோ அந்தப் பக்கத்தத் தனியாத் திருகிக்கிடலாம்" என்றார்.

இடதுபக்கக் குமிழை நீ மெதுவாகத் திருகினாய். இன்னும் கொஞ்சம். இன்னும். எங்கோ ஓர் இடத்தில் நிறுத்தினாய்.

"வருது. முழுசா இல்ல. ஆனா வருது."

கழற்றாமலே, "இதையே தாருங்க பாய்" என்றாய். அவர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா தலையசைத்தார். கொடுத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில்தான், முன்பு போர்டில் இருந்தபோது இடி இடித்த ஓர் ஐப்பசி மதியத்தைப் பற்றிப் பேசினோம். இடி இறங்கினால் கம்பி வழியே காதில் அடிக்கும் என்று எல்லோரும் செட்டைக் கழற்றி வைத்துவிடுவோம். அன்று நீ மட்டும் கழற்றவில்லை. மனைவிக்கு வலி எடுத்துவிட்டது, கார் அனுப்ப வேண்டும் என்று ஓர் ஆள் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தான். லைனைச் சேர்த்துவிட்ட பிறகுதான் கழற்றினாய். நடுவில் ஒரு தடவை காதைப் பொத்திக்கொண்டாய். கேட்டதற்கு, "கொசு கத்துத மாதிரி இருக்கு, சரியாப் போவும்" என்றாய். அதற்குப் பிறகு யார் பேசுவது சரியாகக் கேட்காவிட்டாலும் லைன் மோசம் என்றுதான் நினைத்திருக்கிறாய். லைன் எப்போதும் மோசமாகத்தான் இருந்தது.

"யார்ட்டயும் சொல்லாத. செட்ட வலது காதுக்கு மாத்திக்கோ. வேல நிரந்தரம் ஆவட்டும்" என்றேன். மில் எப்போது ஓடும், எப்போது மூடும் என்று சொல்ல முடியாத காலம். உன் சம்பளம் நின்றால் உன் வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியும்.

நீ ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாய். ஊர் எல்லை வரும்போது, "அந்த ஆளு கார்க்காரன் போன் நம்பரு சொல்லும்போது எனக்குத் தப்பா விழுந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாய். நான் சொன்னதை நீ ஏற்கவில்லை என்று அப்போதே புரிந்தது.

மறுநாள் காலை செட்டை வலது காதில் மாட்டிக்கொண்டாய். மதியம் சூப்பர்வைசரிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டாய். அவர் நல்ல மனிதர். உன்னைப் பாளையங்கோட்டைக்குக் காது டாக்டரிடம் அனுப்பினார். அது இடியினால் வந்ததாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இப்போது கேட்கிற அளவுக்குக் கேட்கும், போனது திரும்பாது, சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்காதே என்று டாக்டர் சொன்னாராம். வேலை போகவில்லை. ஆனால் போர்டிலிருந்து உன்னை எடுத்துவிட்டார்கள். முன் அறையில், வருகிற ஆட்களுக்கு வெளியூர் டிரங்க் கால் பதிந்து கொடுக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். உனக்குப் போர்டு பிடிக்கும். கம்பிகளை மாற்றிக்கொண்டே முகம் தெரியாத ஆட்களுக்கு ஆறுதல் சொல்வது பிடிக்கும். எனக்கு நிரந்தரமான பிறகும் உனக்கு வெகுநாள் இழுத்தது. நீ என்னிடம் ஒருமுறைகூட அதைப் பற்றி முறையிடவில்லை. நான் உன் நாற்காலிக்கு வந்த புதுப் பெண்ணுடன் பேசப் பழகிக்கொண்டேன்.

இனிமேல்தான் நீ அறியாதது.

முன் அறைக்கு நீ மாறிச் சில மாதம் இருக்கும். உனக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிட்டது. எனக்கும் அன்று சீக்கிரம் முடிந்தது. கடையில் ஏதோ வாங்கிக்கொண்டு உன் வீட்டுப் பக்கம் வந்தேன். வளவுக்குள் நுழையும்போதே யாரோ பாடுவது கேட்டது. கதவு ஒருக்களித்திருந்தது. நீ வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அலமாரிப் பக்கம் பார்த்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். தலையில் அந்தக் கனத்த ஹெட்போன். பாடிக்கொண்டிருந்தது நீதான்.

முணுமுணுப்பு இல்லை, நல்ல சத்தமாகவே பாடினாய். காதை மூடியிருந்ததால் உன் குரல் உனக்கே எட்டவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு வரி பாடுவாய். நிறுத்துவாய். முழங்காலில் விரல் தட்டிக்கொண்டே இருக்கும். அறையில் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு திடீரென்று, யாரோ சொல்லிக் கொடுத்ததுபோல், சரியான இடத்தில் அடுத்த வரியை எடுப்பாய். சுருதி அங்கங்கே விலகியது. எனக்குத் தெரியாத பாட்டு அது.

உனக்கு இரண்டு முழம் தள்ளிப் பாயில் உன் வீட்டுக்காரர் படுத்திருந்தார். அவர் உறங்கவில்லை. கண்ணைத் திறந்து, ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து, உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார். ஓசைப்படாமல் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"அவட்ட சொல்லிராதீய" என்றார் குழாயடிக்கு வந்ததும். "பாடுதோம்னு அவளுக்குத் தெரியாது."

"தினமுமா?"

"தினமும்தான். எனக்கு லீவுன்னா ரெண்டு பேருமா ஸ்பீக்கர்ல கேப்போம். அன்னைக்கு வாயே தொறக்க மாட்டா."

"அப்ப ஒங்க உறக்கம்?"

"உறக்கம் கெடக்கு" என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் சிரித்தார். "தெரிஞ்சா நிறுத்திருவா. நான் உறங்குதேன்னே நெனச்சிட்டு இருக்கட்டும்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நான் உன்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை நீ என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய்: "நல்ல சாமானா வாங்குனது எவ்வளவு நல்லதாப் போச்சு பாத்தியா? அவியளுக்கு ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது. பிள்ளை மாதிரி உறங்குதாவ." நான் ஆமாம் என்பேன். அவர் காலமானபோது துக்கம் விசாரிக்க வந்த என்னிடம், "நைட்டு பூரா மில்லுல நின்ன மனுசன். பகல் உறக்கத்தையாவது நான் கெடுக்கல" என்று சொல்லி அழுதாய். அன்று சொல்லியிருக்கலாம். நான் வாக்குக் கொடுத்த ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு நாள்கூட ஆகவில்லை. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நீ மகனோடு கோயம்புத்தூருக்குப் போனாய். நாம் போனில் பேசினோம். வர வரக் குறைவாகப் பேசினோம், உனக்கு வலது காதும் மங்கிவிட்டது. நீ போன தகவலும் போனில்தான் வந்தது. எனக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை. இப்போது நீங்கள் இருவரும் இல்லை. அந்த வாக்கை யாருக்காகக் காப்பாற்றுவது என்று தெரியாததால் எழுதிவிட்டேன். நீ பாடினாய். அவர் கேட்டார். வருடக்கணக்காக.

நீ அன்று பாடிய பாட்டை நான் அதன் பிறகு ஒரு கல்யாண வீட்டில் ஒலிபெருக்கியில் கேட்டேன். வரிகளை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நடுவில் வயலின்கள் வந்தன, புல்லாங்குழல் வந்தது, எல்லோருக்கும் பழகிய இசைதான். எனக்கு மட்டும் அவை யாரோ இடையில் புகுந்து பேசுவதுபோல் இருந்தன. என்னிடம் இருக்கும் பாட்டில் அந்த இடங்களில் ஒன்றும் இல்லை. ஒரு மதிய நேரத்து அறை, முழங்காலில் தட்டும் ஒரு விரல், பிறகு உன் குரல்.